தறிக்குழியில் ஏரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன், இதை எங்கே பிடித்தாய் என்று அப்புறம் யாரும் கேட்க வேண்டாம்.

ஏற்காட்டில், ஏரிக்கரையோரம் ஒரு பழைய மரவீட்டு விடுதி. வெளியிலிருந்து பார்த்தால் குடிசை. உள்ளே போனால் கம்பளம், வெந்நீர், வெள்ளிக் கரண்டி. எளிமையாக இருப்பதற்கு எத்தனை ஏற்பாடு! உருண்டுபோன பேனா மூடியைத் தேடிக் குனிந்தபோது தரையில் ஒரு பலகை ஆடியது. தூக்கினால் நீளவாக்கில் ஒரு குழி, அடியில் கொஞ்சம் தண்ணீர்.

"வெள்ளைக்காரன் குளிச்ச தொட்டிங்க" என்றார் விடுதிக்காரர்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவன். விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். தொட்டியாவது மண்ணாங்கட்டியாவது! அது தறிக்குழி. நெசவாளி உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதிகட்டையை மிதிக்கிற குழி.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி முழுக்கக் கட்டுக்கதை.

2

"மேகங்கள் மலைமுகட்டைத் தழுவிக்கொண்டிருந்த ஒரு பொன்மாலைப் பொழுதில்—"

சீ, வேண்டாம்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவானது—"

பாடப்புத்தகம். அடித்துவிட்டேன்.

வடிவு உட்கார்ந்துகொண்டுதான் தூங்குவாள்.

இது சரி. இதையே பிடித்துக்கொள்கிறேன்.

வடிவு உட்கார்ந்துகொண்டுதான் தூங்குவாள். படுத்தால் மூச்சிழுப்பு வந்துவிடும். வீட்டுக்குப் பின்புறம் சாயப்பட்டறை. நாள் முழுக்கக் காரமான ஆவி. தறிக்காலில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடுவாள். அவள் நெஞ்சு கரகரவென்று அறுக்கிற சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப் பழகியவன் அவள் புருஷன் அர்ஜுனன். சொன்ன நாளில் புடவையை முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுப்பவன் என்று ஊரில் அவனுக்குப் பேர். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அவனிடம் வேறு சொத்தும் இல்லை.

ஒரு சித்திரை மாதம் சரிகை வியாபாரி ஷரீஃப் சாயபு வீட்டுக்கு வந்தார்.

"அர்ஜுனா, ஏற்காட்டுல பூவராகவன்னு ஒரு காப்பித் தோட்டத்துக்காரர் கீறாரு. ஏரிக்கரையில வூடு கட்டி, பெரிய மனுசங்கள தங்க வெக்கிறாரு. அவரு பொண்ணு கல்யாணப் பொடவைய அங்கயே நெய்யணுமாம். வந்து தங்கற தொரைங்க, ஜமீனுங்க வேடிக்கை பாக்கணுமாம்."

"மலையிலயா? பனியில பட்டு தொவண்டு பூடும் பாய்."

"ஆனி முகூர்த்தம்பா. நீ சொன்ன நாள்ல குடுப்பேன்னு நான் வாக்குக் குடுத்துட்டேன்."

வடிவு உள்ளேயிருந்து கேட்டாள்: "ஏரின்னா எம்மாம் பெருசு இருக்கும் பாய்?"

அதற்குமேல் அர்ஜுனன் மறுத்துப் பேசவில்லை.

3

ஏரியைப் பார்த்ததும் வடிவு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பனி தண்ணீரின் மேல் நடந்து வந்து, வீட்டுக்குள் நுழைந்து, சேதி விசாரித்துவிட்டுப் போவதுபோல் திரும்பிப் போயிற்று. (இந்த வாக்கியத்தைப் பலமுறை அடித்தேன். வடிவுக்குப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும்.)

மேட்டுப் பக்கத்து அறையில் தறி போடலாம் என்று பூவராகவன் சொன்னார். அர்ஜுனன் வீட்டைச் சுற்றி வந்தான்; ஏரியை விட்டுக் கண்ணெடுக்காத வடிவைப் பார்த்தான்.

"ஏரிப் பக்கம் போட்டுக்கிறேங்க. வெளிச்சம் நல்லா வருது."

குழி வெட்டினான், தறி நாட்டினான், நீள இழையான பாவைக் கட்டினான். அன்று மத்தியானம் வடிவு சும்மா முதுகை நீட்டலாம் என்று பாயில் சாய்ந்தாள். சாய்ந்தவள் மல்லாந்து தூங்கிப்போனாள்.

அர்ஜுனன் வெளியிலிருந்து வந்தான். வீட்டில் சத்தமே இல்லை. அந்தக் கரகரப்பு இல்லை. ஓடி மண்டியிட்டு அவள் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்தான். மூச்சு வந்து பட்டது, சூடாக, சத்தமில்லாமல். அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

(பனியில் இழுப்பு அதிகமாகத்தானே ஆகும் என்று வைத்தியம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அவளுக்குக் குறைந்தது. சாயத்து ஆவி இல்லாததால் இருக்கலாம்.)

4

மறுநாள் காலை தறிக்குழியில் முழங்கால் மட்டுக்கு ஏரி வந்து நின்றது.

"ஐயய்யோ!" என்றான் அர்ஜுனன்.

வடிவு எட்டிப் பார்த்தாள். மேலே கட்டியிருந்த அரக்குப் பாவு தண்ணீருக்குள்ளும் ஓடியது. உள்ளே இன்னொரு தறி. அதன் பக்கத்தில் இன்னொரு வடிவு, தூக்கமில்லாமல் முகம் வீங்காதவள். அவளுக்கு அதை விட்டு நகர மனமில்லை.

தினமும் அதே கதை. விடிந்ததும் மொண்டு ஊற்றுவான். கரி அடுப்பு மூட்டிக் குழியைக் காயவைப்பான். குறுக்கிழை ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுக்கும்போது உச்சிப்பொழுது தாண்டிவிடும். பட்டணத்துச் சீமாட்டி ஒருத்தி குழியைப் பார்த்து, "இதில் இறங்கினால் குளிராதோ?" என்று கேட்டாள். வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

* இங்கே ஒரு சின்னக் குறிப்பு. காஞ்சிபுரத்துப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். கரை நாடாவைத் தள்ளுகிறவள் வடிவு. அதாவது இந்தப் புடவை முடிவது அவள் கையிலும் இருக்கிறது.

முடிந்த மறுநாள் மலையிறங்க வேண்டும். சாயப்பட்டறைக்கு, தறிக்காலுக்கு, உட்கார்ந்த தூக்கத்துக்கு.

5

இந்த இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. அர்ஜுனனை என்னால் நம்ப முடியவில்லை.

எங்கள் பக்கம் தறிக்குழி வெட்டுகிறவன் முதலில் ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்ப்பான். ஈரம் ஊறுகிற மண் என்றால் மூக்கு சொல்லிவிடும். பிறந்ததிலிருந்து குழிக்குள் கால் வைத்தவன், மேட்டு அறையை விட்டுவிட்டு ஏரிப் பக்கம் வெட்டுவானா? "அர்ஜுனன் தெரியாமல்—" என்று எழுதினேன். அடித்தேன். "அர்ஜுனன் தெரிந்தே—" என்று எழுதினேன். சொன்ன நாள் தவறாத மனுஷன் அவன்! அதையும் அடித்தேன்.

எழுத்தாளன் என்று பேர்தான். என் ஆளையே எனக்குத் தெரியவில்லை. வடிவுக்குத் தெரியுமா பார்ப்போம்.

6

வைகாசி போய் ஆனி பிறந்தது. பூவராகவன் வந்து தறியை எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, சொன்ன நாளில் தருகிறவன் என்றார்களே. முகூர்த்தம் நெருங்கிவிட்டதே?"

"தண்ணி ஊறுதுங்க" என்றான் அர்ஜுனன், தலையைத் தூக்காமல்.

"மேட்டு அறைக்கு மாற்றிக்கொள்ளேன்."

"பாவு நாசமாப் பூடுங்க."

அவர் உதட்டைப் பிதுக்கினார். "காஞ்சிபுரத்தில் உன் பேர் கெட்டுப்போகும். எனக்கென்ன" என்று சொல்லிவிட்டுப் போனார். அர்ஜுனன் காது சிவந்துவிட்டது. வடிவு கரை நாடாவைத் தள்ளிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"மாமா."

"இன்னா?"

"ஊர்ல குழி வெட்டறப்போ மண்ண எடுத்து மோந்து பாப்பியே. இங்க பாக்கலியா?"

அர்ஜுனன் நாடாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். மறுபடி மாற்றினான்.

"அன்னிக்கி சளிமே. மூக்கு அடைச்சிக்கினு இருந்துச்சி."

வடிவு சிரிக்க ஆரம்பித்தாள். ஊரில் சிரித்தால் இருமலில் போய் முடியும். பயந்து பயந்து சிரிப்பாள். இங்கே அவள் சிரிப்பு தடங்கலில்லாமல் முடிந்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"உனுக்கா மாமா சளி?" என்றாள்.

7

இனி முந்தியில் ஒரு முழம் பாக்கி.

முடிவு ஒன்று: வடிவே, "நெய் மாமா, உன் பேரு போவக்கூடாது" என்கிறாள். முடித்துக் கொடுத்துவிட்டு மலையிறங்குகிறார்கள். (எழுதிப் பார்த்தேன். மறுநாள் காலை எனக்கே மூச்சு முட்டியது.)

முடிவு இரண்டு: முகூர்த்தம் தவறுகிறது. ஷரீஃப் சாயபு ஊரில் தலைகுனிகிறார். அர்ஜுனனுக்கு இனி யாரும் பட்டு தரமாட்டார்கள். வடிவு மல்லாந்து தூங்குகிறாள், ஆனால்—

முடிவு மூன்று: பூவராகவன் மனமிரங்கி அவர்களை அங்கேயே வைத்துக்கொள்கிறார். (அந்த ஆளையா? நான்தான் படைத்தேன், எனக்குத் தெரியாதா!)

என்னால் ஆகாது. நெய்யவும் மனம் வரவில்லை, அறுக்கவும் மனம் வரவில்லை. ஆகவே இந்த நாடாவை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். அர்ஜுனன் ஏரிக்கரைக்குப் போயிருக்கிறான். குழி காய்ந்திருக்கிறது, பாவு விறைப்பாக இருக்கிறது, வெளிச்சமும் நன்றாக வருகிறது. நீங்கள் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம்.

கரை நாடாவுக்கு மட்டும் வடிவைக் கூப்பிட வேண்டும். அவள் பக்கத்துப் பாயில் மல்லாந்து தூங்குகிறாள். சத்தம் வரவில்லையே என்று பயந்துவிடாதீர்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள்.

அப்புறம், எழுப்புவதானால் எழுப்புங்கள்.