ஆறாவது கார்டு

சீனிச்சாமி அண்ணாச்சி ஆறாவது கார்டைக் கொண்டு வந்த அன்று அருப்புக்கோட்டையில் என் கம்ப்யூட்டர் சென்டரில் நான் மட்டும்தான் இருந்தேன். அவர் பாளையம்பட்டியில் வத்தல் கடை வைத்திருப்பவர். தொண்ணூற்றைந்து சித்திரையில் மஞ்சள்காமாலையில் அவர் மகள் சுகப்பிரியா இறந்துபோனாள். என்னிடம் படித்தவள். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "அப்பா, உங்களுக்கு ஒண்ணு எழுதி கம்ப்யூட்டர்ல வச்சிருக்கேன். வந்து வாசிச்சுக் காட்டுறேன்" என்றாளாம்.

அடுத்த மாதமே கரண்டு ஏறி இறங்கியதில் சென்டரில் அவள் எழுதிய பழைய கம்ப்யூட்டர் கருகிவிட்டது. ஹார்டு டிஸ்க் மட்டும் தப்பியது. என் புதுக் கம்ப்யூட்டரில் அதை மாட்ட வழியில்லை, வயரே வேறு. டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பழைய கார்டு ஒன்றைத் தேடிப் போட்டேன். வயர் பொருந்தியது, டிஸ்க் சுற்றியது, ஓர் எழுத்தும் வரவில்லை.

"எந்தக் கார்டு எழுதுச்சோ அதே மாதிரிக் கார்டுதான் படிக்கும் அண்ணாச்சி. மத்ததுக்குப் புரியாது."

"அது எங்க கெடைக்கும் தாயி?"

அன்றிலிருந்து, பழைய கம்ப்யூட்டரில் இருந்த கருகிய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு மதுரைக்கும் திருச்சிக்கும் பஸ் ஏறினார். கொண்டுவந்த ஐந்தும் படிக்கவில்லை.

ஆறாவது அச்சு அசல் கருகியதைப் போலவே இருந்தது. ஓர் எண் மட்டும் வேறு. மாட்டினேன். திரையில் டிஸ்க்கின் அளவுகளைக் கேட்டது, கொடுத்தேன். தொடரவா என்று கேட்டது. அளவுகளைக் குறித்துக்கொள்ளத்தான் கேட்கிறது என்று நினைத்து 'ஒய்' அழுத்தினேன். திரையில் எண்கள் ஓடின. நாற்பதைத் தாண்டியபோதுதான் உறைத்தது. டிஸ்க்கை அழித்துக்கொண்டிருந்தது. பாய்ந்து சுவிட்சை அணைத்தேன்.

"வந்துருச்சா தாயி?" என்றார். ஓடிய எண்களை மகளின் எழுத்து என்று நினைத்துவிட்டார். அப்படி ஒரு மலர்ச்சி முகத்தில்.

இந்தக் கார்டும் சேரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏழாவதைத் தேடிப் போயிருப்பார்.

"நான் அழிச்சுட்டேன் அண்ணாச்சி. தெரியாம அமுக்கிட்டேன். எது எங்க இருக்குன்னு காட்டுற எடமே போயிருச்சு. இனி எந்தக் கார்டும் படிக்காது."

அணைந்த திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "ஒரு வார்த்தையாச்சும் கண்ணுல பட்டுச்சா? அப்பான்னு ஆரம்பிச்சிருந்தாளா?"

"இல்ல அண்ணாச்சி."

"இது சுத்துமா இன்னும்?"

"சுத்தும்."

"போடு தாயி."

போட்டேன். டிஸ்க் மெல்ல இரைந்து வேகம் பிடித்தது. அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, காய்ச்சல் பார்ப்பதுபோல அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடாகுது" என்றார். கையை எடுக்கவில்லை.