சந்தனப் பட்டைக்குப் பின்னால

மானிட்டர் நடுவுல 'நோ சிக்னல்'னு ஒரு சின்னப் பெட்டி வந்துச்சு. இங்கிட்டும் அங்கிட்டும் கொஞ்ச நேரம் மெதந்துட்டு அதுவும் அணைஞ்சு போச்சு.

"மச்சான், என்னத்தடா பண்ணித் தொலைச்ச?"ன்னு கேட்டா முத்துச்செல்வி.

உக்கிரபாண்டி ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு ஒரு எட்டு பின்னுக்குப் போனான். கொட்டாம்பட்டிப் பக்கத்துல இருந்து வேலைக்குன்னு மதுரைக்கு வந்து, திருப்பரங்குன்றத்துல அத்தை வீட்டுல தங்கியிருக்கான். பகல்ல ஸ்பேர் பார்ட்ஸ் குடோன்ல வேலை, ராத்திரி ஹால்ல பாய். வந்த அன்னைக்கே மனசுக்குள்ள ஒண்ணு முடிவு பண்ணிக்கிட்டான்: இந்த வீட்டுல தன்னால ஒரு சாமானும் கெட்டுப்போகக் கூடாது. தண்ணி குடிச்ச டம்ளரக்கூட சத்தமில்லாமத்தான் வைப்பான்.

இப்பப் போயி, அந்த வீட்டுலயே பெரிய சாமானு கண்ண மூடிக்கிச்சு.

அத்தை மக முத்துச்செல்வி கம்ப்யூட்டர்ல கேம் ஆடுறவ. சும்மா பொழுதுபோக்கு இல்ல. நாலு பொம்பளப் பிள்ளைகளா சேந்து டீம் வச்சு, ஒவ்வொரு சுத்தா செயிச்சு, இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு ஆன்லைன்ல அரையிறுதி. நாலு பேருல ஒருத்தி உள்ள வரலைன்னாலும் டீமே வெளிய. வேற கம்ப்யூட்டர்ல இருந்தும் ஆட விடமாட்டாங்க, பதிஞ்ச மிசினுலதான் ஆடணும்.

நேத்து ஆயுத பூசை. மாமாவோட லோடு வண்டிக்கு மாலை போட்டாச்சு. தையல் மிசினு, அருவாமனை, ஸ்பேனரு எல்லாம் சாமி முன்னாடி வந்துருச்சு. "செல்வி கம்ப்யூட்டரையும் கொண்டாந்து வையி பாண்டி, அதுவும் ஆயுதந்தான"ன்னு அத்தை சொல்ல, அவன்தான் ஒயரெல்லாம் கழட்டி, பெட்டியத் தூக்கிட்டு வந்து வச்சான். இன்னைக்கு மதியம் மறுபூசை முடிஞ்சதும் திரும்பத் தூக்கிட்டுப் போயி மேசைக்கு அடியில, செவத்தோரம் வச்சு ஒயரச் சொருகுனதும் அவன்தான். மறுபூசை முடியுற வரைக்கும் அதத் தொடவே கூடாதுன்னு அத்தை கண்டிசன் போட்டதால, செல்வி சுவிட்சப் போடவே மூணு தாண்டிருச்சு.

"காத்தாடி ஓடுது, கீபோர்டுல லைட்டு எரியுது. படம் மட்டும் வரல"ன்னா செல்வி. "மானிட்டர் ஒயர கிராபிக்ஸ் கார்டுலதான சொருகுன?"

அவனுக்கு கார்டுன்னா எதுன்னே சரியாத் தெரியாது. செவத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல கையத்தான் விட முடியும், தலைய விட முடியாது. தடவித் தடவித்தான் சொருகுனான். மொதல்ல ஒரு ஓட்டையில போகல, அதுக்கு மேல இன்னொண்ணுல டக்குனு உக்காந்துருச்சு. ஆனா அவ கண்ணப் பாத்ததும் வாயி தானாச் சொல்லிருச்சு.

"ஆமா, கார்டுலதான்."

"அப்ப மானிட்டரா இருக்கும்."

ஹாலுக்கு ஓடி டிவியோட செட்டாப் பாக்ஸ, நீளக் கேபிளோடயே இழுத்துட்டு வந்து, அதோட ஒயர மானிட்டர்ல மாட்டுனா. ஏதோ சேனல்ல ஒருத்தரு வெண்டக்காயப் பத்தி வெவரமாப் பேசிக்கிட்டு இருந்தாரு. படம் தெளிவா வந்துச்சு.

"மானிட்டர் நல்லாருக்கு. ஒயர மாத்திப் பாப்போம். மச்சான், பின்னாடி உன் கைதான் எட்டும், பழசப் புடுங்கிட்டு இத மாட்டு. அதே எடத்துல."

அதே எடத்துல மாட்டுனான். அதே நோ சிக்னல்.

போன் அடிச்சுச்சு. டீம் கேப்டன் வித்யாஸ்ரீ. செல்வி ஸ்பீக்கர்ல போட்டுட்டு, தரையில உக்காந்து பெட்டியோட பக்கத்து மூடியக் கழட்டுனா.

"எங்கடி இருக்க? நாங்க மூணு பேரும் உள்ள வந்து உக்காந்திருக்கோம்."

"படம் வரலடி. ரேமக் கழட்டிக்கிட்டு இருக்கேன்."

"இப்பயா? பூசையில வச்சு எடுத்ததுல சாமி வந்துருச்சா உன் கம்ப்யூட்டருக்கு?"

"வாய மூடுடி, வேலையப் பாக்க விடு."

"நாலு மணிக்கு கதவ அடச்சிருவாங்க செல்வி. கெஞ்சுனாலும் தெறக்க மாட்டாங்க"ன்னா வித்யாஸ்ரீ. இந்தத் தடவ குரல்ல சிரிப்பு இல்ல.

ரேம் ரெண்டையும் கழட்டி, அதுகளோட மினுங்குற ஓரத்த அழிரப்பரால தேச்சு, திரும்ப அமுக்குனா. சுவிட்சப் போட்டா. காத்தாடி சுத்துச்சு. மானிட்டர் கருப்பாவே கெடந்துச்சு.

அடுப்படியில இருந்து அத்தை சோணையம்மாள் வந்து நிலையில சாஞ்சு நின்னாங்க. "என்னடி, பூசை போட்ட மிசினப் போயி இந்தக் குடை குடையுற?"

"ஆத்தா, நீ செத்த நேரம் பேசாம இரு. பூசை போடுறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப என் பூசையிலதான் கெட்டுச்சா?"

"தூக்குனதுல கெட்டிருக்கும்"னு சொல்லிட்டா செல்வி. பாண்டியப் பாக்கக்கூட இல்ல. அவ திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு அவனுக்கு. படியில தட்டுனமா, சாச்சுத் தூக்குனமான்னு நேத்து நடந்ததையெல்லாம் ஓட்டிப் பாத்தான். பூப்போலத்தான் தூக்கிட்டு வந்தான். அப்பறம் எப்புடி?

செல்வி நெத்தி வேர்வையத் தொடச்சா. "கடைசியா கார்டுதான் இருக்கு. வெளிய எடுத்துத் திரும்பச் சொருகிப் பாக்கணும். அதுலயும் வரலைன்னா அம்புட்டுதான். மச்சான், கரண்ட அணைச்சுட்டு, பின்னாடி மானிட்டர் ஒயரப் புடுங்கு."

கைய உள்ள விட்டவன் நிறுத்துனான். இப்பயும் தடவித்தான் புடுங்கணுமா? சுவிட்ச அணைச்சான். பெட்டிய ரெண்டு கையாலயும் புடிச்சு செவத்துல இருந்து முன்னுக்கு இழுத்தான். போன் லைட்டப் போட்டு பின்பக்கம் குனிஞ்சு பாத்தான்.

ஒயரு மேல ஒரு ஓட்டையில இருந்துச்சு. அதுக்குக் கீழ நீளமா ஒரு தகடு. அந்தத் தகட்டுல வரிசையா இருந்த ஓட்டை ஒண்ணுகூடத் தெரியல. மூணு வெரல் அகலத்துக்கு சந்தனப் பட்டை, நடுவுல ரூவாக் காசு அளவுக்குக் குங்குமம்.

அவனுக்கு அப்பத்தான் வெளங்குச்சு. நேத்து சாமி முன்னாடி வைக்கும்போது, இம்புட்டு ஓட்டையும் பட்டனும் இருக்க பக்கந்தான் மிசினோட மொகம்னு நெனச்சு, பின்பக்கத்தத் திருப்பி வச்சான். அத்தை மொகத்துக்குப் பொட்டு வச்சிருக்காங்க. நல்லா, மனசார, அப்பி வச்சிருக்காங்க.

"செல்வி. கார்டுங்கிறது கீழ இருக்கதா, மேல இருக்கதா?"

அவ எழுந்திரிச்சு வந்து எட்டிப் பாத்தா.

"இம்புட்டு நேரமும் கார்டுலதான், கார்டுலதான்னு சொன்னியே!"

"தெரியாமச் சொல்லிட்டேன்."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல என்ன கேடு? இந்த மிசினுக்கு கார்டு வழியா மட்டுந்தான் படம் வரும். மேல சொருகுனா விடிய விடிய உக்காந்தாலும் வராது!"

"நீ கோவிச்சுக்குவன்னு…"

"இப்ப மட்டும் கொஞ்சுவாங்களா?"

பல்லு குத்துற குச்சிய எடுத்துட்டுக் குனிஞ்சா. அத்தை பாஞ்சு வந்து கையப் புடிச்சாங்க.

"அடியே! வச்ச பொட்ட அழிக்கிறியா? அதுவும் விசயதசமி அன்னைக்கு? தானா உதிரணும்டி அது. போன வருசம் வச்ச பொட்டு உங்கப்பா வண்டியில இன்னும் இருக்கு."

"ஆத்தா, நாலாகப் போகுது!"

"ஆனா ஆகட்டும். உங்கப்பா வண்டிய ரோட்டுல ஓட்டுறாரு. ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

போனுல வித்யாஸ்ரீ கத்துறது கேட்டுச்சு. செல்வி கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு, ஆனா ஆத்தா கையத் தட்டிவிடல. தட்டிவிட்டிருந்தாக்கூடப் பாண்டிக்கு இம்புட்டு வலிச்சிருக்காது.

"அத்தே"ன்னான். "நான் பின்பக்கத்தப் போயி மொகம்னு காட்டிட்டேன். நீங்க மொகத்துக்குத்தான் பொட்டு வச்சீங்க, எடம் தப்புனது என்னாலதான். அழிக்க வேணாம். எடுத்து, மொகத்துலயே வச்சிருங்க."

அத்தை அவன ஒரு பார்வை பாத்தாங்க. பெறகு பெட்டியப் பாத்தாங்க. கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

"தள்ளுங்க ரெண்டு பேரும். நாந்தான் எடுக்கணும்."

நகத்தால பட்டைய ஓரத்துல இருந்து பைய நெம்பி, ஒரு பொடிகூடக் கீழ விழாம உள்ளங்கையில வாங்குனாங்க. சொட்டுத் தண்ணியில கொழச்சு, பெட்டியோட முன்பக்கம் மூணு வெரலால இழுத்து, மேல குங்குமம் வச்சாங்க. அதுக்குள்ள செல்வி குச்சியால ஓட்டைக்குள்ள இருந்ததச் சொரண்டுனா. பாண்டி சைக்கிள் பம்ப எடுத்துட்டு ஓடியாந்து காத்தடிச்சான். மஞ்சளாத் தூசி பறந்துச்சு.

"சொருகு மச்சான்!"

ஒயரு முக்காவாசிதான் உள்ள போச்சு. அடியில இன்னும் சந்தனம் கட்டியா நின்னுச்சு. சுவிட்சப் போட்டாங்க. கருப்பு. பாண்டி ஒயர ஒரு பக்கமா அழுத்தினான். பளிச்சுனு வெளிச்சம் வந்து, வந்த வேகத்துலயே போச்சு.

"அழுத்து! விடாத, அப்புடியே புடி!"

அழுத்திப் புடிச்சான். வெளிச்சம் நின்னுச்சு. செல்வி ஹெட்போன மாட்டி, பாஸ்வேர்ட ஒரு தடவ தப்பா அடிச்சு, திரும்ப அடிச்சா.

"வந்துட்டேன்டி! வந்துட்டேன்! கதவு அடைச்சிருச்சா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னாங்கன்னு பாண்டிக்குக் கேக்கல. அவ தோள் ரெண்டும் எறங்குனது மட்டும் தெரிஞ்சுச்சு. அடுத்த நிமிசம் கீபோர்டு படபடன்னு பொரிய ஆரம்பிச்சிருச்சு.

அவன் மேசைக்குப் பின்னாடி, முட்டிக்கால் செவத்துல இடிக்கக் குந்தி இருந்தான். அங்க இருந்து திரை தெரியாது. கட்டவெரல் மரத்துப் போச்சு. கழுத்துல எறும்பு ஊறுச்சு. சொறிய இன்னொரு கையத் தூக்குனாக்கூட ஒயரு அசைஞ்சிருமோன்னு விட்டுட்டான்.

"மச்சான்!"னு திரும்பாமலே கத்துனா. "கார்டுலதான புடிச்சிருக்க?"

"கார்டுலதான்."

"பாத்துட்டுத்தான சொல்ற?"

ஒரு தடவ குனிஞ்சு பாத்தான்.

"பாத்துட்டுத்தான்."

"வலது பக்கம் வாராளுக, வலது பக்கம்! விடாத மச்சான்!"

அவன் விடல.