காப்புக் கட்டிய கைதி

பரஞ்சோதியை லாரியில் ஏற்ற எட்டு ஜப்பான் சிப்பாய்கள் முக்கியும் அவன் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பவில்லை. பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. ஜப்பான்காரன் ஆண்ட நாற்பத்து மூன்றாம் வருடம், பங்குனி மாதம். ஆள் ஒன்றும் பெருத்தவன் இல்லை. மரவள்ளிக்கிழங்கு தின்று ஒட்டிப்போயிருந்த பால்மரத் தொழிலாளி. மாரியம்மன் திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டியிருந்தான். காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அம்மன் தாண்டவிடவில்லை, அவ்வளவுதான். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாரும் இதற்கு வாயைப் பிளக்கவில்லை.

மெர்போக் பாலத்துக்கு வெடிவைத்த பயங்கரவாதி என்று அவன்மேல் குற்றம். மாநிலமே பார்க்கும்படி தலைநகர் அலோர் ஸ்டாரில் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்றார் ஜப்பான் அதிகாரி. பரஞ்சோதியின் மனைவி நவமணி, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலேயே விசாரிக்கச் சொல்லிக் கெஞ்சினாள். பாலம் வெடித்த சாயங்காலம் அவன் கோயில் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்ததைத் தோட்டமே பார்த்திருந்தது. தூக்கித் தூக்கிச் சலித்துப்போன அதிகாரி கடைசியில் இறங்கிவந்தார். சரி, இங்கேயே நடக்கட்டும், பார்த்தவர்கள் நேரில் வந்து சாட்சி சொல்லட்டும் என்றார். நவமணி அன்றைக்குத்தான் ஒரு வாய் கிழங்கு தின்றாள்.

அதற்குப் பிறகுதான் தோட்டத்துக்குச் சிக்கல். பரிந்து பேசினால் அடுத்த லாரி நமக்கு. பேசாமல் நின்றால் நவமணி முகத்தில் எப்படி விழிப்பது? ஆம்பிளைகள் கூடிக்கூடிப் பேசிவிட்டுப் பூசாரி ராமையாவிடம் போனார்கள். திருவிழா முடியுமுன் காப்பை அறுப்பது செய்யக் கூடாத காரியம். சொல்லவே வாய் கூசுகிறது, மறுநாள் காலை ராமையா கத்தரிக்கோலோடு வந்தார்.

"பெரிய ஊருல நல்லாவே விசாரிப்பாங்கம்மா," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அங்க இவர யாருக்குண்ணே தெரியும்?" என்றாள் நவமணி.

ராமையா கத்தரிக்கோலை விரித்தார். மஞ்சள் கயிறு அறுந்ததும் ஒரே ஒரு சிப்பாய் பரஞ்சோதியை அலாக்காகத் தூக்கி லாரியில் போட்டான். அலோர் ஸ்டாரில் கூட்டத்துக்குக் குறைவில்லையாம். அவனைத் தெரிந்த முகம்தான் ஒன்றுகூட இல்லை. அந்த வெள்ளிக்கிழமையே தலையை வெட்டிவிட்டார்கள்.

அடுத்த வருடத்திலிருந்து அந்தத் தோட்டத்தில் யார் கையில் காப்புக் கட்டினாலும் முடிச்சு நிற்பதில்லை; தானாக அவிழ்ந்து காலடியில் விழுந்துவிடும். ராமையா இரட்டை முடிச்சுப் போட்டுப் பார்த்தார், மெழுகு வைத்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். இப்போதெல்லாம் காப்பில்லாமலே திருவிழா நடக்கிறது. கூழ் ஊற்றுகிறார்கள், கூட்டமும் வருகிறது. நவமணி மட்டும் வருவதில்லை; யாரும் கூப்பிடுவதுமில்லை.