கருங்காலி என்று முதலில் சொன்னவர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் திருஞானசம்பந்தம் என் தலையில் கட்டியது. “நீதான் கதை எழுதுறியேபா, இதையும் எழுதிடு. பேரை மட்டும் மாத்திடு” என்றார். மாற்றிவிட்டேன். ஆனால் அந்தச் சொல்லை எப்படி மாற்றுவது? கருங்காலி. கூட உழைப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்யும்போது திருட்டுத்தனமாக வேலை செய்கிறவன். அகராதிப் பொருள் இவ்வளவுதான்.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘எழுபத்துமூன்றாம் வருஷம், கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்திய இருபதாம் நாள், பசி தெருவெங்கும் —’

(அடித்துவிட்டேன். வயிறு நிறைந்தவன் பசியைப் பற்றி எழுதினால் இப்படித்தான் வரும்.)

நடந்தது இது. அன்று பட்டப்பகலில் திருஞானசம்பந்தத்துக்குப் பக்கத்து வீட்டுத் தறி ஓடும் சத்தம் கேட்டது. அது சபாபதியின் தறி. சபாபதியோ மறியலில் கைதாகி உள்ளே இருந்தான். நெய்தவள் அவன் மனைவி வள்ளி. பிள்ளைக்குக் காய்ச்சல், பானையில் அரிசி இல்லை. அத்தனையும் தெரிந்தே திருஞானசம்பந்தம் தெருவில் இறங்கிக் கத்தினார். “சபாபதி கருங்காலிபா. பொண்டாட்டிய நெய்ய வெச்சிட்டு ஜெயில்ல போய் உக்காந்துக்கினு இருக்கறான்.”

தறி யார் பேரில் இருக்கிறதோ ஏச்சும் அவன் பேரில்தான். சாயந்திரத்துக்குள் யாரோ அந்தச் சொல்லைச் சபாபதியின் கதவில் கரியால் எழுதிவிட்டார்கள்.

3

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. இருபது வருஷம் அண்டை வீட்டில் இருந்து ஒட்டி உறவாடியவர் இப்படிக் கத்துவாரா? கேட்டேன்.

“சத்தம் கேட்டப்போ நெய்யறதுக்கு என் காலும் தறிக்குழியிலதான் இருந்துதுபா. கதவைச் சாத்திக்கினு, இழை ஓட்டற நாடாவைக் கையில எடுத்துட்டேன். அவ முந்திக்கினா. எவனாச்சும் என் வீட்டுப் பக்கம் திரும்பிடப் போறான்னு பயத்துலதான் கத்திட்டேன்.”

இதைவிடக் கேவலம் இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

4

போராட்டம் முடிந்து சபாபதி வெளியே வந்தான். கதவைத் தேய்த்துக் கழுவினான். வள்ளியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாவு நீட்டும் நாள் வந்தது. புதுப் புடவைக்கான இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காய்வதற்குள் ஒட்டாமல் பிரித்துவிட வேண்டும். ஆறேழு பேராவது வேண்டும். அக்கம்பக்கத்தார் கூப்பிடாமலே வருவது வழக்கம். அன்று ஒருவரும் வரவில்லை. ஒரு முனையில் சபாபதி, மறுமுனையில் வள்ளி. நடுவே இழைகள் ஒட்டத் தொடங்கின. பட்டு முதலாளியுடையது. பாவு கெட்டால் இனி அவனுக்கு யாரும் நெய்யக் கொடுக்க மாட்டார்கள்.

திருஞானசம்பந்தம் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

5

முடிவு ஒன்று: அவர் இறங்கிப் போய்ப் பாவைப் பிடித்தார், அதைக் கண்டு தெருவே —

(வேண்டாம். இரண்டு எட்டு நடந்ததற்கே மனிதர் நல்லவராகிவிடுகிறார்.)

முடிவு இரண்டு: “என் காலும் குழியிலதான் இருந்துது” என்று ஊரறியச் சொன்னார் —

(சொல்லியிருந்தால் என்னிடம் எதற்கு வருகிறார்?)

“நிஜமா என்ன செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன். நல்லதா ஒண்ணு எழுதுபா.”

எழுத மாட்டேன். வெயில் ஏறுகிறது, கஞ்சி காய்கிறது. வள்ளி தலை நிமிர்ந்து வாசல் வாசலாகப் பார்க்கிறாள். இறங்குவதென்றால், படிக்கிற நீங்கள் இறங்குங்கள். நான் அவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.