வந்து சேராத சொற்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் மோனோரயில் வளைகிற இடத்துக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்குமாடி இருக்கிறது. அதன் மூன்றாவது மாடியில் குடியிருந்த டொரத்தி பேசிய சொற்கள், 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து பேசிய இடத்தைவிட்டு நகரவில்லை. முதலில் நின்றது "சாப்பாடு ஆறுது" என்பது. மேசைக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், அதாவது டொரத்தியின் வாய் இருக்கிற உயரத்தில் அது நின்றது. அந்த வழியாகப் போகிறவர்களின் காது அந்த உயரத்தில் பட்டால், டொரத்தியின் குரலிலேயே, சொன்ன அன்றைக்கு இருந்த அதே சலிப்போடு கேட்கும். உயரமானவர்கள் குனிய வேண்டியிருந்தது. அதே மாதம் கோழி விலையும் ஏறியிருந்ததால், கட்டடத்தில் கோழியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

இது ஏன் நடந்தது என்பதற்கு அந்த வீட்டின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். டொரத்தியின் கணவர் ரபேல் முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் இருந்தவர், அதில் பெரும்பகுதி சிக்னல் கேபினில். அடுத்த ஸ்டேஷன்காரர் போனில் ஒரு செய்தி சொன்னால், அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாத செய்தி வந்து சேராத செய்தி, அதை நம்பி ரயிலை விட முடியாது. ரபேல் இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கல்யாணமான மறுவாரம் டொரத்தி தேங்காய் வாங்கிவரச் சொன்னபோது, "ரெண்டு தேங்கா. வந்து சேந்துருச்சி" என்று நிமிர்ந்து நின்று சொன்னார். டொரத்தி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்ததாம். பிறகு அது அவர்களுக்குள் ஏற்பட்ட வழக்கமாகிவிட்டது. அவர் திருப்பிச் சொன்னால்தான் டொரத்திக்குப் பேசி முடித்த திருப்தி வரும்.

எழுபது வயதையொட்டி ரபேலுக்குக் காது மந்தமானது. எல்லாருக்கும் வருவதுதான். மெல்லிய சத்தங்கள் முதலில் போயின. மைனாக்கள் போயின, மைக்ரோவேவ் மணி போனது, பிறகு டொரத்தியின் குரலில் பாதி போனது. பாதி கேட்டதை வைத்துத் திருப்பிச் சொன்னால் தப்பாகிவிடும். கேபினில் தப்பாகத் திருப்பிச் சொல்வது பெரிய குற்றம். தலையாட்டுவது குற்றப் பட்டியலிலேயே கிடையாது, ஏனென்றால் போனில் யாரும் தலையாட்டுவதில்லை. அதனால் ரபேல் சிரித்துத் தலையாட்டத் தொடங்கினார். அவர் திருப்பிச் சொல்லாததெல்லாம் வந்து சேராமல் வீட்டிலேயே நின்றது. அடுப்பங்கரையில் "மீன் கருகுது", குளியலறைக் கதவில் "துண்டு எடுத்தாச்சா", ஜன்னலோரம் "மழை வருது, துணி", சோபாவுக்கு மேலே ஐந்தாறு "என்னங்க". டொரத்தி தன் பழைய பேச்சிலேயே இடித்துக்கொண்டு நடமாட வேண்டியிருந்தது. புதிதாக எதையாவது சொல்ல வாயெடுத்தால் பழசு கேட்டது. கொஞ்சங் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது.

2023 ஆகஸ்டு மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, டொரத்தி சமையலறை வாசலில் நின்று, "இனிமே நான் ஸ்டெஃபனி வீட்டுக்கே போயிடவா?" என்று கேட்டார். ஸ்டெஃபனி அவர்கள் மகள், பண்டமாரானில் இருந்தாள், புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. கேட்டுவிட்டு டொரத்தி ஒரு கணம் தலையைக் குனிந்தார். நிமிர்ந்தபோது ரபேல் பேப்பருக்கு மேலாகச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். டொரத்தி இரண்டு பைகளில் துணியை அடுக்கினார். மகளுக்கு முழங்கால் வலி, ஒரு வாரம் உதவிக்குப் போகிறாள் என்று நினைத்த ரபேல், கேஎல் சென்ட்ரல் வரைக்கும் ஒரு பையைத் தானே தூக்கிக்கொண்டு போய் ரயில் ஏற்றிவிட்டு, கையும் காட்டினார்.

மூன்று வாரம் ஆகியும் டொரத்தி திரும்பவில்லை. போனில் பேசினால் ரபேலுக்குக் கேட்காது. ரயில் பிடித்துப் பண்டமாரானுக்குப் போனார். டொரத்தி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னதை ஸ்டெஃபனி காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் காட்டினாள். அம்மா உங்களிடம் ஒரு கேள்வி கேட்டார், நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள். என்ன கேள்வி என்று ரபேல் கேட்டார். டொரத்தி மகளின் கையைப் பிடித்து நிறுத்தினார். "அத எழுதாத. ஒரு தடவதான் கேட்டேன். அது அங்கயேதான் நிக்கிது. போய்க் கேக்கச் சொல்லு." இதை மட்டும் ஸ்டெஃபனி எழுதினாள்.

ரபேல் வீட்டுக்கு வந்து எல்லா மூலையிலும் நின்று பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் மசாஜ் கடை வைத்திருந்த கார்த்திகேசுவைக் கூட்டிவந்தார். கார்த்திகேசுவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது, ஆனால் மாடிப்படியில் ஏறுகிறவரின் எடையைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். வீட்டை ஒரு சுற்று சுற்றி, சொற்கள் நின்ற நாற்பத்தோரு இடங்களிலும் அலமாரி, கதவு, சுவர் என்று கிடைத்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டினார். சமையலறை வாசலில் நின்றவர் ரபேலின் காதருகே வந்து சத்தமாகச் சொன்னார்: "அண்ணே, கேள்வி இங்கதான் இருக்கு. அடியில இன்னொண்ணு முணுமுணுக்குது, அது எனக்கே பிடிபடல. கேள்வி என்னன்னு நான் சொல்லமாட்டேன் லா. புருஷன் பொண்டாட்டி விஷயம்." ரபேலும் கேட்கவில்லை. அடுத்தவர் வாங்கிய செய்தி தன் செய்தி ஆகாது என்பது அவருக்குத் தெரியும்.

ஆக, காதுக்கு ஒரு கருவி வேண்டும். இணையத்தில் எண்பத்தொன்பது ரிங்கிட் வெள்ளிக்கு ஒன்று வாங்கினார். நாலாயிரம் பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். மாட்டியதும் ஃபேன் லோரி மாதிரி உறுமியது, கீழே போகும் மோட்டார்சைக்கிள்கள் கூடத்துக்குள் வந்தன, மோனோரயில் மண்டைக்குள் ஓடியது. "சாப்பாடு ஆறுது" இருந்த இடத்தில் மட்டும் யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு முனகல். அடுத்தது, மருந்துக் கடையில் இருநூற்று நாற்பது வெள்ளிக்கு, சட்டைப்பையில் பெட்டியும் காதுக்கு வயருமாக ஒன்று. இதில் "மழை வருது" கேட்டது, "துணி" கேட்கவில்லை. அடுப்பங்கரையில் "மீன்" கேட்டது, அது என்ன ஆனது என்று தெரியவில்லை. வாசலில் ஒரு காற்று போல ஏதோ கேட்டது, அவ்வளவுதான்.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. காதுக் கருவி வாங்கியவர்களுக்குப் பெரிய தலைவலியே அது நல்லதா மட்டமா என்று தெரியாததுதான். கடையில் கேட்பது வீட்டில் கேட்காது, வீட்டில் ஆளுக்கு ஆள் சத்தம் மாறும். ரபேல் வீட்டிலோ ஒரே குரல், ஒரே அளவு, என்றைக்கும் மாறாது. சனிக்கிழமைகளில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை கருவியும் கையுமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள், கம்போங் மேடானிலிருந்துகூட வந்தார்கள். செலாயாங் பாசாரில் மொத்தக் காய்கறி வியாபாரம் செய்யும் பவுனம்மாள், நூற்றைம்பது வெள்ளிக் கருவியோடு அடுப்பங்கரையில் நின்று பார்த்துவிட்டு, "மீன் கருகுறதே கேக்கல, இது எதுக்கு? ஏழு நாளைக்குள்ள திருப்பி எடுத்துக்குவேன்னு போட்டிருக்கான், இன்னிக்கே அனுப்பிடறேன்" என்று பெட்டியை மூடினார். அவர்தான் போகும்போது ரபேலின் தோளைத் தட்டி, "அண்ணே, காத ஒருத்தர்கிட்ட காட்டாம மெஷின் மெஷினா வாங்கறீங்களே. கண்ண காட்டாம கண்ணாடி வாங்குவீங்களா?" என்று கேட்டார். ரபேல் சிரித்துத் தலையாட்டினார். பவுனம்மாள் விடவில்லை, மருத்துவமனை அட்டை ஒன்றின் பின்னால் அதை எழுதி அவர் சட்டைப்பையில் செருகினார்.

அந்த அட்டை கிள்ளானில் காது பரிசோதனை செய்யும் குமுதாவுடையது. குமுதா முதலில் இடது காதிலிருந்து புளியங்கொட்டை அளவுக்குக் குறும்பியை எடுத்துக் காட்டினாள். இத்தனை நாள் ரபேல் பாதிக் காசை அந்தக் குறும்பிக்குக் கேட்கவைக்கவே செலவழித்திருந்தார். பிறகு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லி, தாளில் ஒரு கோடு வரைந்தாள். கோடு நேராகப் போய்ப் பாதியில் மலைச்சரிவாக இறங்கியது. "அங்கிள், தடிச்ச சத்தம் உங்களுக்கு நல்லாவே கேக்குது. மெல்லிசுதான் போச்சு. பொம்பளைங்க பேசறது அதுலதான் இருக்கு. எல்லாத்தையும் சேத்து கூட்டற மெஷின் உங்களுக்கு ஆகாது, காதுக்கு இன்னும் கெடுதல்" என்று அந்தக் கண்ணாடியறை மைக்கிலேயே நிதானமாகச் சொன்னாள். ஆறாயிரம் வெள்ளிக்கு இருந்ததை அவள் காட்டவேயில்லை. போன வருட மாடல், ஜோடி ஆயிரத்து இருநூறு, இந்தக் கோட்டுக்குத் தகுந்தபடி மெல்லிய சத்தத்தை மட்டும் தூக்கித் தரும், அளவுக்கு மேல் சத்தத்தைத் தானே அடக்கும், பிடிக்காவிட்டால் முப்பது நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்றாள். "மொத வாரம் தினம் ரெண்டு மணி நேரம் போதும். குழாத் தண்ணி கல்லு கொட்டற மாதிரி கேக்கும். கழட்டி வீசிடாதீங்க. காதுக்கு இல்ல அங்கிள், மூளைக்குத்தான் பழகணும்."

கல்லு கொட்டத்தான் செய்தது. பேப்பரைத் திருப்பினால் தகரம் கிழிந்தது. ஆனால் நாலாம் நாள் மைனாக்கள் வந்தன. ஆறாம் நாள் "துணி" வந்தது. ஏழாம் நாள் மீன் என்ன ஆனதென்று தெரிந்தது. ரபேல் ஒவ்வொரு ஸ்டிக்கராகப் போய் நின்று கேட்டார், எதையும் திருப்பிச் சொல்லவில்லை, முதலில் வந்து சேர வேண்டியது ஒன்று இருந்தது. ஒன்பதாம் நாள் காலை பல் துலக்கி, சட்டை மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். "இனிமே நான் ஸ்டெஃபனி வீட்டுக்கே போயிடவா?"

தான் எதற்குத் தலையாட்டினோம் என்று தெரிந்ததும், அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பை தூக்கிக்கொண்டு போனதும் கை காட்டியதும் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. பிறகு கார்த்திகேசு சொன்ன முணுமுணுப்பு நினைவுக்கு வந்து, குனிந்து தேடினார். ஐந்தடியில் இல்லை. டொரத்தி தலையைக் குனிந்த அளவுக்கு, ஒரு சாண் கீழே அது இருந்தது. அதுவரை வந்த யாரும் அவ்வளவு குனிந்ததில்லை. "வேணாம்னு சொல்லுங்க" என்றது.

முப்பத்தாறு வருட சர்வீஸில் ரபேல் ஒரு செய்தியைத் திருப்பிச் சொல்லாமல் பதில் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார். குனிந்தபடியே, "வேணாம்" என்றார். பிறகு கதவைப் பூட்டிவிட்டு, போர்ட் கிள்ளான் ரயிலைப் பிடித்தார்.

பண்டமாரானில் டொரத்தி வாஷிங் மெஷினுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ரபேல் வாசலிலேயே நின்று, "வேணாம்" என்றார். டொரத்தி திரும்பவில்லை. "எது?" என்றார்.

"நீ இங்க இருக்க வேணாம். வீட்டுக்கு வா."

வாஷிங் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. டொரத்தி அதற்குள் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வதைவிட மெதுவாக, "பிரஷர் மாத்திர போட்டீங்களா" என்றார்.

"பிரஷர் மாத்திர போட்டீங்களா. வந்து சேந்துருச்சி" என்றார் ரபேல். "போடல."

டொரத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பைகளை எடுத்துவந்தார். இரண்டையும் ரபேலே தூக்கினார்.

அடுத்த இரண்டு நாட்களில் ரபேல் வீட்டைச் சுற்றிவந்து, நின்றவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். சாப்பாடு ஆறுது, வந்து சேந்துருச்சி. மழை வருது, துணி, வந்து சேந்துருச்சி. சொல்லச் சொல்ல அவை காணாமல் போயின. ஐந்தாறு "என்னங்க"வுக்கும் தனித்தனியாகச் சொன்னார். வாசலில் இருந்த கேள்வியையும் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கடியில் இருந்ததை மட்டும் தொடவில்லை. இதையும் முடித்துவிடலாமே என்று கார்த்திகேசு சொன்னதற்கு, மெஷின் சோதிக்க ஆட்கள் வருகிறார்கள், அவர்களுக்கு ஒன்றாவது வேண்டாமா என்று கேட்டார். டொரத்தி கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது, அந்த இடத்தில் ஆட்களைக் கொஞ்சம் ஒதுங்கி அடிக்கச் சொன்னார்.

இப்போதும் சனிக்கிழமைகளில் ஆட்கள் வருகிறார்கள். வாசலில் குனிகிறார்கள். கருவி நன்றாக இருந்தால், "வேணாம்னு சொல்லுங்க" என்று கேட்கிறது. கேட்டவர்கள், பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாதென்று, "வேணாம்" என்கிறார்கள், டொரத்தி உள்ளேயிருந்து "சரி" என்கிறார். அவர்கள் கருவியை வைத்துக்கொள்கிறார்கள். கேட்காதவர்கள் குமுதாவின் விலாசத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள். ரபேலும் தினம் காலையில் ஒருமுறை அங்கே குனிகிறார். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்கிறார். சார்ஜ் முழுதாக இருக்கிற நாளிலும் பார்க்கிறார்.