கம்பி எங்கண்ணே?

1

கோபத்தோடு எழுத உட்கார்ந்தால் எழுத்து கோணும் என்பார்கள். கோணட்டும், கண்ணுகளா. இந்தக் கதை பிறந்ததே கோபத்தில்தான்.

நூலகத்து மாடியில் ஒரு வாத்தியார் அரபி சொல்லிக்கொடுக்கிறார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். (கீழே மின்விசிறி ஓடவில்லை, மேலே ஓடியது. நான் கற்றதெல்லாம் இப்படிக் காற்று வாங்கப் போய் வாங்கிவந்ததுதான்.) அந்த மொழியின் பழைய அணிநூலார் பேச்சை இரண்டாகப் பிரித்தார்களாம். ஒன்று கபர், அதாவது செய்தி. ‘மழை பெய்தது’ என்றால், மெய் என்றோ பொய் என்றோ சொல்லலாம். இன்னொன்று இன்ஷா. குடையை எடு, நனையாதே, எங்கே போனாய், இந்த மழை விடாதா, மகனே! ஏவலும் விலக்கலும் கேள்வியும் ஏக்கமும் விளியும். இவற்றை மெய்யென்றும் சொல்ல முடியாது, பொய்யென்றும் தள்ள முடியாது.

ரசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உலை வைத்தபோதுதான் சுரீரென்றது. அப்படியானால், ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒருத்தியின் வாயை அடைத்துவிடலாமே! ‘அவள் செய்தி எதுவும் சொல்லவில்லை’ என்றால் போதுமே!

2

தொடக்கம் எழுதினேன்:

சின்னவளின் வலக்கை உருளைக்குள் போனது.

கேட்பவர் மனம் வெறுமையாக இருந்தால் செய்தியை இப்படிச் சும்மா சொன்னால் போதும் என்றார் வாத்தியார். சந்தேகப்படுகிறவருக்கு ஓர் அழுத்தம் வேண்டும்:

நிச்சயமாகப் போனது.

மறுக்கிறவருக்குச் சத்தியத்தின் மேல் சத்தியம்:

ஆண்டவன் அறிய, பெற்ற தாய் அறிய, போனதுதான் ஐயா, போனதே

அடித்துவிட்டேன். கதையில் எல்லாவற்றையும் மறுக்க வரப்போகும் மேஸ்திரிக்காக நான் எதற்குச் சத்தியம் செய்ய வேண்டும்? உங்களுக்கு முதல் வரியே போதும்.

இடம் ஒரு சலவைக் கூடம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு ஒருத்தி சூட்டு உருளைக்குள் விடுவாள், மறுபக்கம் ஒருத்தி வாங்கி மடிப்பாள். விடுகிறவள் சின்னவள். வாங்குகிறவள் அவளுடைய அண்ணி. வீட்டில் குழம்பில் உப்புக்குச் சண்டை போடுகிறவர்கள், கூடத்தில் ஒரே துணியின் இரண்டு முனைகள். உருளைக்கு முன்னால் விரலைத் தடுக்க ஒரு கம்பி உண்டு. அது கழன்று விழுந்து, திரும்ப மாட்டப்படாமலே கிடந்தது. பிறகு என் முதல் வரி நடந்தது.

3

விசாரணை அறை. மேசைக்கு அந்தப்பக்கம் அதிகாரி, இந்தப்பக்கம் கூடத்து மேஸ்திரியும் அண்ணியும். சின்னவள் வெளியே பெஞ்சில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. காலையில் அவள் சொன்னது இவ்வளவுதான்: “கை போனது போகட்டும் அண்ணி. என் கவனக்குறைவுன்னு மட்டும் எழுதவிட்டுடாதீங்க.”

“கம்பி கழண்டிருக்குன்னு யாராவது உங்களுக்குத் தெரியப்படுத்தினாங்களா?” என்றார் அதிகாரி.

“ஒருத்தரும் சொல்லலீங்க சார்,” என்றார் மேஸ்திரி. “சொல்லியிருந்தா அப்பவே மாட்டியிருப்பேனே! அவ எனக்குத் தங்கச்சி மாதிரி.”

“மாதிரிதான்,” என்றாள் அண்ணி.

“கேட்டா மட்டும் பேசுங்கம்மா. உங்க நாத்தனார் இவர்கிட்ட தகவல் சொன்னாங்களா, இல்லையா? ஆமாவா, இல்லையா, ரெண்டுல ஒண்ணு.”

அண்ணி வாயைத் திறந்தாள்.

(இங்கே நிறுத்துகிறேன். என் சின்னவள் மேல் எனக்கே ஒரு சந்தேகம்.)

4

சின்னவள் என்னதான் சொன்னாள்? அண்ணியின் காதில் இருப்பதைப் பாருங்கள்.

“அண்ணே, கம்பி எங்கண்ணே?”

“அது எப்பவோ கம்பி நீட்டிடுச்சு. நீ துணியப் போடு,” என்று சிரிப்பார் மேஸ்திரி.

“அண்ணே, வெரசாப் போடச் சொல்லாதீங்கண்ணே.” “மாட்டிக் குடுங்கண்ணே, புண்ணியமாப் போகும்.” “கடவுளே, இன்னைக்காவது யாராவது மாட்டமாட்டாங்களா!”

கேள்வி, விலக்கல், ஏவல், ஏக்கம், விளிக்கு ஓர் அண்ணே, ஒரு கடவுளே. வாத்தியாரின் கரும்பலகை மொத்தமும் இருக்கிறது, கபரைத் தவிர. ஏனடி, ‘கம்பி இல்லை, கை போகும்’ என்று நேராகச் சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும் என்று அவளைத் திட்டியே ஒரு பக்கம் எழுதினேன்.

கிழித்துவிட்டேன். அதே கூடத்தில் மடிக்கிற பெண் ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். “ஆவிக் குழாய் ஒழுகுது,” என்று ஒருமுறை நேராகவே சொன்னவள். மேஸ்திரி இடுப்பில் கை வைத்து, “ஓஹோ, எனக்கே ரிப்போர்ட் குடுக்குற அளவுக்கு வந்தாச்சா?” என்றார். மறுநாள் முதல் அவளுக்குக் கையைத் தின்னும் சலவைக் காரத் தொட்டியில் வேலை. அன்றோடு கூடம் பாடம் கற்றது. கேட்கலாம், கெஞ்சலாம், கடவுளைக் கூப்பிடலாம். சொல்லக் கூடாது.

செய்தியைத் தொண்டையிலேயே நெரித்துவிட்டு, செய்தி வரவில்லை என்கிறான்! (‘என்கிறார்’ என்று எழுத விரல் வரமாட்டேன் என்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கேள்விக்குள்ளேயே செய்தி இருக்கலாமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். பழையவர்கள் இதையும் சொல்லியிருக்கிறார்களாம். கேள்வி கண்டனமாகும், செய்தி கெஞ்சலாகும், இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும் என்று. ஆக, நூலில் குறையில்லை. காதில்தான்.

5

முதல் முடிவு: அண்ணி “ஆமா” என்கிறாள். ‘எந்த வார்த்தையில்?’ என்கிறார் அதிகாரி. அவள் சொல்கிறாள். ‘இது தகவல் இல்லையேம்மா, கேள்விதானே’ என்று

வேண்டாம்.

இரண்டாம் முடிவு: “இல்ல.” அதிகாரி ‘கவனக்குறைவு’ என்று எழுதுகிறார். வெளியே பெஞ்சில் சின்னவள்

இதை எழுத என்னால் ஆகாது.

மூன்றாவது: அண்ணி அதிகாரியைப் பார்க்கவேயில்லை. மேஸ்திரி பக்கம் திரும்பினாள். நாத்தனாரின் அதே இழுவையில், அதே பணிவில், துணியைக் கையில் பிடித்திருப்பவள்போல் கேட்டாள்:

“அண்ணே, கம்பி எங்கண்ணே?”

“அது எப்பவோ கம்பி நீட்டி...”

பழகிய நாக்கு. பாதி தூரம் ஓடிய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரிந்தது. மேஸ்திரியின் வாய் பாதிச் சிரிப்பில் நின்றது.

“இந்தச் சிரிப்பு எங்களுக்குப் புதுசில்ல சார்,” என்றாள் அண்ணி. “அவ கேட்டப்பல்லாம் இதுதான் பதில். எழுதுங்க.”

6

அதிகாரி எழுதினாரா? சொல்ல மாட்டேன். சொன்னால் அது செய்தியாகிவிடும். ‘கதைதானே, பொய்’ என்று நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போவீர்கள். நான் உங்களைத் தூங்கவைக்க வரவில்லை, கண்ணுகளா.

அதிகாரியை எழுப்பி அனுப்பிவிட்டேன். நாற்காலி காலி. வந்து உட்காருங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, வெளியே பெஞ்சு தெரிகிறது. அண்ணி இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். அவள் கடைசியாகச் சொன்னது ஓர் ஏவல், அதை மெய்யா பொய்யா என்று புரட்டிப் பார்க்காதீர்கள்.

எழுதுங்க.