பிப்ரவரி மாதத்துக் கேள்வி

லியோந்தீனாவின் தொண்டையில் ஏழு வருடமாக ஒரு நன்றி சிக்கிக்கொண்டிருந்தது. மீன் முள் என்றால் ஒரு துண்டு ரொட்டியை விழுங்கி உள்ளே தள்ளிவிடலாம். இது அப்படி இறங்குகிற சமாசாரம் இல்லை. யாருக்குச் சொல்வது என்றே தெரியாத நன்றி.

ஏழு வருடத்துக்கு முன்பு, அறுவடை உச்சத்தில் இருந்தபோது, அவள் கணவன் அபீலியு மலைச்சரிவில் படிப்படியாக அமைத்த திராட்சைத் தோட்டத்தின் கல்சுவரிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தால் காலால் மிதித்துச் சாறு எடுக்கும் தொட்டி நிறையத் திராட்சை புளித்துப் பொங்கிக்கொண்டு நிற்கிறது. போர்ட் ஒயின் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பொங்குகிற சாற்றில் இனிப்பு பாதி மிச்சமிருக்கும்போதே சாராயத்தை ஊற்றிப் பொங்குவதை நிறுத்த வேண்டும். அரை நாள் தவறினால் இனிப்பு போய்விடும், போர்ட்டும் போய்விடும். அவளுக்குச் சாராயம் கொண்டுவந்த லாரியோ மண் சரிந்து மூடிய சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது.

எர்வெதோசா ஊரில் சாராயம் கொடுக்கக்கூடும் என்று தோன்றிய ஒருவர் விடாமல் போன் போட்டுக் கெஞ்சினாள். எல்லாரும் அவரவர் தொட்டிக்கு வைத்திருந்ததுதான், கொடுக்க வழியில்லை. மாலை ஆறு மணிக்கு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், அக்கம்பக்கத்தார் பதினான்கு பேரோடு தொட்டிக்குள் இறங்கி, தோளில் தோள் சேர்த்து, "இடது! வலது!" என்று கத்தியபடி மிதித்துக்கொண்டிருந்தாள். யாரோ அக்கார்டியன் வாசித்தார்கள். தொடை வரை சிவப்பாக வெளியே வந்து பார்த்தால் வாசலில் பத்து கேன்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஐம்பது லிட்டர். மூடியைத் திறந்து முகர்ந்தாள். சாராயம்! கொண்டுவந்தவர் யாரும் இல்லை. சீட்டு இல்லை, பெயர் இல்லை, ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே வெள்ளை கேன்.

அந்த ஒயின்தான் அவள் பெயரை லண்டன் வரை கொண்டுபோனது. கொடுத்த புண்ணியவானோ புண்ணியவதியோ வாயே திறக்கவில்லை. திறக்கவும் முடியாது. காகிதம் இல்லாமல் சாராயத்தைக் கைமாற்றினால் ஒயின் கட்டுப்பாட்டு அலுவலகம் கொடுத்தவரின் உரிமத்தில்தான் முதலில் கை வைக்கும்.

ஆனாலும் லியோந்தீனா சும்மா இருக்கிற ஆளா? வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒருவர்மேல் சந்தேகப்பட்டு, அந்த ஒயினில் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் நீட்டி, முகத்தையே உற்றுப் பார்ப்பாள். பாட்டிலைத்தான் எல்லாரும் நன்றாக வாங்கிக்கொண்டார்கள். ஜனுவாரியு என்பவர் கண்ணைச் சிமிட்டி, "இதெல்லாம் எதுக்கும்மா, மனுஷனுக்கு மனுஷன்" என்று சொன்னார். ஒரு வருடம் முழுக்க அவர்தான் என்று நம்பி, பார்க்கும் இடத்திலெல்லாம் அவர் கையைப் பிடித்துக் கண் கலங்கினாள். அப்புறம்தான் தெரிந்தது, அந்த அறுவடை மாதம் முழுக்க அந்த ஆசாமி லிஸ்பனில் மகள் வீட்டில் இருந்திருக்கிறார்.

"ஏழு பாட்டில் போச்சு, தீனா," என்றான் அபீலியு. "இன்னும் பத்து வருஷம் இப்படித் தேடினா நிலவறை காலி."

"உனக்குச் சிரிப்பா இருக்கு. கட்டில்ல படுத்துக்கிட்டு இருந்தவன்தானே நீ. அந்தக் கேனைப் பாத்தப்ப என் வயிறு எப்படிக் குளிர்ந்துச்சுன்னு எனக்குத்தான்யா தெரியும்."

அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அப்போதுதான் அவளுக்கு இணையக் குழுவின் ஞாபகம் வந்தது. 'இடப்பக்கம்' என்று பெயர். போர்ட் பாட்டிலை மேஜையில் இடப்பக்கமாகத்தான் கைமாற்ற வேண்டும் என்று சண்டை போடுகிற அறுநூறு பேர் உலகம் முழுவதிலிருந்தும் அதில் இருக்கிறார்கள். மாதம் ஒரு கேள்வி. உறுப்பினர்கள் கேள்விகளைப் போடுவார்கள், ஐந்து நாள் வாக்களிப்பார்கள், ஜெயித்த ஒரே கேள்வி, லியோந்தீனாவையும் சேர்த்து, டோரு நதிக்கரையின் முப்பத்தேழு தயாரிப்பாளர்களுக்குப் போகும். பதில்களை எல்லாரும் படிக்கலாம். இதையெல்லாம் கட்டி மேய்ப்பவர் காயா நகரத்தில் மருந்துக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற ஒனொராத்து பெஸ்ஸா. விலை கேட்கக் கூடாது, ஆமாம்-இல்லை என்று முடிகிற கேள்வி கூடாது, தயாரிப்பாளர் யாரும் கேள்வி போடவோ வாக்களிக்கவோ கூடாது. விதியென்றால் மனிதர் மருந்துச் சீட்டு மாதிரி பார்ப்பார்.

அவருக்கே போன் போட்டாள்.

"சென்யோர் ஒனொராத்து, ஒரு உதவி வேணும்."

"தோனா லியோந்தீனா! ஜனவரி கேள்விக்கே நீங்க இன்னும் பதில் அனுப்பல. மொதல்ல அதச் சொல்லுங்க."

"போர்ட்டுக்குச் சாக்லேட்டா சீஸான்னு கேட்டா என்னத்த அனுப்புறது? பசிக்கு எது கிடைக்குதோ அதுன்னு போடுங்க."

அவர் நிஜமாகவே எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் கேன் கதையைச் சொன்னாள். முதல் முறையாக ஊருக்கு வெளியே ஒருவரிடம் சொல்கிறாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அதனால இந்த மாசக் கேள்வி இப்படி இருக்கட்டும்," என்றாள். "எந்த அறுவடையில, யாருக்கு, நீங்க சாராயம் குடுத்து உதவினீங்க?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! கட்டுப்பாட்டு அலுவலகத்துக்காரங்க ரெண்டு பேர் நம்ம குழுவைத் தினமும் படிக்கிறாங்க. உங்களைக் காப்பாத்துன மனுஷனை நீங்களே பிடிச்சுக் குடுக்கப் போறீங்களா?"

லியோந்தீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. நன்றி சொல்கிற அவசரத்தில் அந்த ஆளின் பிழைப்பில் மண்ணைப் போட இருந்தாளே, கடவுளே!

"குடுத்தவங்கள விட்டுடுங்க," என்றார் ஒனொராத்து. "வாங்கினவங்களக் கேப்போம். 'ஏதோ ஓர் அறுவடையில் உங்களைத் தூக்கிவிட்டவர், நீங்கள் இன்னும் நன்றி சொல்லாதவர், யார்?' இப்படிக் கேட்டா முப்பத்தேழு பேரும் எழுதலாம். நீங்களும் எழுதுங்க. நாளும் வாசலும் போதும், சாராயம்னு ஒரு எழுத்து கூட வேண்டாம். அவர் படிச்சா அவருக்குப் புரியும்."

"ஆனா யாருன்னு எனக்குத் தெரியாமலே போயிடுமே?"

"போகட்டுமே. உங்க நன்றி போய்ச் சேந்துடும்ல?"

அரை மனதாகச் சம்மதித்தாள். ஒன்றுமில்லாததற்கு இது மேல்.

அடுத்த சிக்கல், அவள் தயாரிப்பாளர் ஆயிற்றே, கேள்வியை யார் பெயரில் போடுவது? பன்னிரண்டு வருடத்தில் ஒனொராத்து தன் பெயரில் ஒரு கேள்வியும் போட்டதில்லை. அன்று போட்டார். கீழே, 'இது என் கேள்வி. காரணம் சொல்ல முடியாது. ஜெயித்தால் சந்தோஷப்படுவேன்' என்று மட்டும் எழுதினார்.

உறுப்பினர்கள் திகைத்துப் போனார்கள். ஆனாலும் வாக்கு என்று வந்தால் அவர்களும் லேசில் இளகுகிறவர்கள் இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த தோர்பென் என்ற பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநர் ஒரே கேள்வியை மூன்று வருடமாகப் போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தார்: 'திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?' இந்த மாதம் அனுதாப அலை அவர் பக்கம் அடித்தது. ஐந்தாம் நாள் காலையில் அவருக்கு நூற்றுப் பன்னிரண்டு, ஒனொராத்துவுக்குத் தொண்ணூற்றேழு.

லியோந்தீனா கொடி வெட்டப் போன இடத்தில் கத்தரிக்கோலைவிட போனைத்தான் அதிகம் கையில் வைத்திருந்தாள்.

"தோத்தா அடுத்த மாசம் போடச் சொல்லு," என்றான் அபீலியு.

"அந்த மனுஷன் இன்னொரு தடவை விதியை மீறுவார்னு நினைக்கிறியா? அதுவும் இல்லாம, குடுத்தவருக்கு என்ன வயசோ யாரு கண்டா. அடுத்த மாசம்னு ஒண்ணு இருக்கணும்ல."

மத்தியானம் தோர்பென் ஒரு செய்தி போட்டார். 'என் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன். மூன்று வருட ஆராய்ச்சியில் எனக்கே பதில் கிடைத்துவிட்டது. திறந்த பாட்டில் என் வீட்டில் ஒரு நாளும் மிஞ்சியதில்லை. ஒனொராத்து பன்னிரண்டு வருடமாக நம் எல்லார் கேள்வியையும் சுமந்துகொண்டு போயிருக்கிறார். அவர் ஒன்று கேட்கிறார், நாம் தர மாட்டோமா?'

அதற்குப் பிறகு வாக்குகள் மடமடவென்று விழுந்தன. லியோந்தீனா முன்பின் தெரியாத அந்த டேனிஷ்காரருக்காகக் கொடிகளுக்கு நடுவே நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். தோர்பெனுக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

கேள்வி போய்ச் சேர்ந்தது. அவள் முதல் ஆளாக எழுதினாள்: 'அந்த வருடம் செப்டம்பர் இருபத்தாறு, மாலை. எர்வெதோசாவில் என் வாசல். நீங்கள் யாரென்று தெரியாது. நீங்கள் இல்லையென்றால் இன்று எனக்கு வாசலே இல்லை. நன்றி, நன்றி, நன்றி.'

மற்றவர்களின் பதில்களும் வர ஆரம்பித்தன. வழக்கமாக ஒரே வரியில் முடித்துக்கொள்கிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒருவர் பம்பு பழுது பார்க்க ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டு ஓடிவந்த மெக்கானிக்கைச் சொன்னார். ஒரு பெரிய நிறுவனத்தின் தலைமைச் சுவைஞர், தன் முதல் கலவையைத் துப்பிவிட்டு 'நாளைக்கு மறுபடி வா' என்ற சமையல்காரியைச் சொன்னார். லியோந்தீனா எல்லாவற்றையும் படித்து மூக்கைச் சிந்தினாள். அவள் தேடியது மட்டும் வரவில்லை.

ஒன்பதாம் நாள் எவரிஸ்து பெனேதுவின் பதில் வந்தது. எவரிஸ்து யாரென்று அந்த ஊரில் குழந்தைகூடச் சொல்லும். மலை மேலே தனியாக இருக்கும் கிழவர், மகன் லக்ஸம்பர்கில். கஞ்சப் பிசினாறி. காப்பிக் கடையில் சர்க்கரைப் பொட்டலத்தைப் பாதி போட்டுவிட்டு மீதியை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிற ஆள். எந்த மாதக் கேள்விக்கும் 'தெரியாது' என்பதற்கு மேல் எழுதியதில்லை.

'நான் நன்றி சொல்ல வேண்டியது எர்வெதோசா தோனா லியோந்தீனாவுக்கு,' என்று தொடங்கியிருந்தது பதில். 'அந்த வருடம் நிலத்தை விற்றுவிட்டு மகனிடம் போய்விட முடிவு செய்திருந்தேன். பத்திரம் சட்டைப் பையில் இருந்தது. ஒரு வேலையாக அவர்கள் வாசலுக்குப் போனேன். என்ன வேலை என்று யாரும் கேட்க வேண்டாம். கதவு வழியாகப் பார்த்தேன். புருஷன் ஆஸ்பத்திரியில், ஒயின் போகப்போகிறது, அந்தப் பெண் தொட்டிக்குள் நின்று இடது வலது என்று கத்திக்கொண்டிருந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. வீட்டுக்குப் போய்ப் பத்திரத்தை அடுப்பில் போட்டேன். நிலம் இன்னும் என்னிடம் இருக்கிறது.'

லியோந்தீனா அதை மூன்று முறை படித்தாள். பிறகு, "யோவ் அபீலியு!" என்று ஒரு கத்துக் கத்தினாள். அவன் என்னமோ ஏதோவென்று தடியை ஊன்றிக்கொண்டு ஓடிவருவதற்குள் அவள் பாதி மலை ஏறிவிட்டாள்.

எவரிஸ்து கொடி வெட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"சென்யோர் எவரிஸ்து!"

"கத்தாத. காது நல்லாத்தான் இருக்கு."

"படிச்சேன்."

"மூணு மணி நேரம் ஒத்த விரலால தட்டியிருக்கேன். படிக்காம விட்டிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. "நிலத்த வச்சுக்கிட்டீங்க சரி. உங்க திராட்சைக்குச் சாராயம்?"

"எல்லாம் உன் வாசல்ல வச்சாச்சே. புதுசா வாங்கவும் நேரமில்ல. அந்த வருஷம் சாராயம் சேக்காத சாப்பாட்டு ஒயின்தான் போட்டேன். ஒரே புளிப்பு."

"அப்போ உங்க போர்ட்டு முழுசும் போச்சா?"

"போச்சு. அதுக்கென்ன இப்போ?"

லியோந்தீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏழு வருடமாக மனதுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"அன்னிக்கு ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டேன். உங்ககிட்ட மட்டும் கேக்கல. நீங்க எங்க தரப்போறீங்கன்னு நெனச்சுட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

"சரியாத்தான் நெனச்ச," என்றார் எவரிஸ்து. "கேட்டிருந்தா இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கு அதுதான் பழக்கம்." இப்போதுதான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "காப்பிக் கடையில பேசிக்கிட்டாங்க, லியோந்தீனா எல்லார்கிட்டயும் கேட்டுட்டான்னு. எல்லார்கிட்டயும்! எனக்குப் போன் வரவே இல்ல. இந்த ஊர்ல கேக்கக்கூட லாயக்கில்லாதவனா ஆயிட்டேனான்னு பகல் பூரா உறுத்துச்சு. அந்த ஆத்திரத்துலதான், பொண்ணே, கேனை வண்டியில ஏத்தினேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக நின்று, சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"ரொம்ப நன்றி, சென்யோர் எவரிஸ்து."

"உனக்கும்தான்," என்றார் அவர், தொப்பியைக் கழற்றி. "ஏழு வருஷமா சொல்லணும்னு இருந்தேன். யாரும் கேக்கல."